போட்டோ பார்த்து வரைந்த மலை ஏன் அட்டை மாதிரி நிற்கிறது?

ஓடைக்கரை:
எட்டு மாதமாக அக்ரிலிக்கில் இயற்கைக் காட்சி வரைகிறேன். போன மாதம் ஓர் ஏரிக்கரையில் காலை 7 மணிக்கு நின்றேன். எதிர்க்கரையில் மரங்கள், பின்னால் மூன்று அடுக்காக மலை. பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. போனில் நாலைந்து படம் எடுத்துவந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து கேன்வாஸில் வரைந்தேன். போட்டோவில் இருப்பது அப்படியே வந்திருக்கிறது, அந்தக் காலைதான் வரவில்லை. மரத்தடி நிழல் தார் பூசியது போல இருக்கிறது. மலை, வெட்டி ஒட்டிய அட்டை. வானத்துக்குக் கலந்த நிறமும் காய்ந்ததும் இருண்டுவிடுகிறது. சரி, வெளியிலேயே வரையலாம் என்று போனால் தட்டிலேயே பெயின்ட் காய்ந்துபோகிறது. போட்டோவை விட்டுவிடவா?

கிளைநிழல்:
விட வேண்டாம். கிளை எப்படிக் கவைக்கிறது, கரை எங்கே வளைகிறது என்பதற்கெல்லாம் போட்டோ போதும். நிழலுக்குள் என்ன நிறம் என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். வானத்துக்கு வெளிச்சம் சரிசெய்தால் கேமராவில் நிழல் கறுத்துப்போகும். நிழலுக்குச் சரிசெய்தால் வானம் வெளுத்துப்போகும். நம் கண்ணோ வானத்துக்கு ஒரு மாதிரி, நிழலுக்கு ஒரு மாதிரி தன்னை மாற்றிக்கொள்ளும்.

எனக்கு இது புரிந்தது வேர் புடைத்த ஒரு கிழட்டு மரத்தடியில். வீட்டில் போட்டோவைப் பார்த்து நிழலுக்குக் கலந்த நிறத்தைப் பெயின்ட் கலக்கும் கத்தியின் நுனியில் எடுத்து, நிழலில் நின்றபடியே கையை நீட்டித் தரைக்கு நேராகப் பிடித்தேன். கத்தியில் இருந்தது கரி. தரையில் இருந்தது வேறு: மண்மேல் விழுந்த நிழல் ஊதா, வானம் திறந்த பக்கத்து ஓரம் நீலம், வேருக்கு அடியில் மட்டும் சூடான பழுப்பு. எதிரே வெயில்பட்ட மண் தன் நிறத்தை உள்ளே எறிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கறுப்பு ட்யூபை எடுத்துப்போவதில்லை. அல்ட்ராமரின் என்ற அடர் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் வேண்டிய அடர்த்தி கிடைக்கிறது. நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் சூடு.

மலைக்கு வருவோம். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் தூரம் போகப் போகக் கருமை வெளிறும், நீலம் ஏறும், ஓரம் மழுங்கும். வானத்துக்குக் கலந்த கூழிலேயே துளி அல்ட்ராமரின் விட்டுக் கடைசி மலையைத் தொடங்குங்கள். முன்னால் வர வர அதே கூழில் பச்சையும் சியன்னாவும் சேருங்கள். ஒரே கூழில் பிறந்தவை என்பதால் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டும். இன்னொன்று, போனின் அகல லென்ஸில் முன்னாலிருக்கும் புல் பெரிதாகவும் மலை குட்டியாகவும் விழும். நான் மலையைக் கொஞ்சம் உயர்த்தியே வரைவேன்.

அப்புறம், ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் மேகங்களை மட்டும் சின்னச் சின்ன எண்ணெய் ஓவியங்களாக வரைந்தார். பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதியிருக்கிறார். நானும் இப்போது "7.20, பனி விலகுகிறது, நடு மலை வானத்தைவிடச் சற்றே அடர்த்தி" என்று எழுதி, பக்கத்தில் நாலு நிறப் பொட்டு வைத்துவிடுகிறேன். வீட்டில் போட்டோவும் பொட்டும் முரண்பட்டால் பொட்டைத்தான் நம்புவேன்.

ஈரத்தட்டு:
காய்ந்ததும் இருள்வது உங்கள் தவறில்லை. அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால் போல இருக்கும், நீர் போனதும் தெளிந்துவிடும். அந்த வெண்மை போவதால்தான் இருட்டு. ஒரு துண்டுத் தாளில் தடவி, காய்ந்தபின் பார்த்து, வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்துகொள்ளுங்கள். வெளியே போகும்போது மூடி உள்ள தட்டையான டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். காய்கிறதே என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி இளக்காதீர்கள், பிடிப்புக் குறையும், மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசை) சேருங்கள்.

சின்னக் கேன்வாஸ்:
கறுப்பை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கறுப்பில் மஞ்சள் கலந்தால் வருகிற மங்கிய பச்சை, புதருக்கு அவ்வளவு பொருத்தம். மற்றபடி, வெளியே 6க்கு 8 அங்குலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. முதல் பத்து நிமிடத்தில் நிழல்களைக் கோடு போட்டு நிறுத்திவிட்டு, பிறகு அவை நகர்ந்தாலும் துரத்தாதீர்கள்.

ஓடைக்கரை:
இன்று காலை அதே இடத்தில் கத்தியை நீட்டிப் பார்த்தேன். கடைசி மலை வானத்தைவிட ஒரு நூல்தான் அடர்த்தி! என் கேன்வாஸில் எங்கேயோ இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதன் மேலேயே வானத்துக் கூழை ஒரு கை பூசிவிட்டேன், மலை சட்டென்று பின்னால் போய்விட்டது. மரத்தடியைப் பார்க்க மட்டும் நேரம் போதவில்லை. நாளை 7 மணிக்கு மறுபடி போகிறேன்.