பெஞ்ச்-டெஸ்க் டெண்டரில் என் விலை உறையைத் திறக்கவே இல்லை. இனி என்ன செய்யலாம்?

புதூர் பட்டறை கேட்டது:

வணக்கம். மதுரை கே.புதூரில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். மாமனார் ஆரம்பித்தது. அவருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு ஏழு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தனியார் பள்ளிக்கு பெஞ்ச்-டெஸ்க் செய்து கொடுத்தோம். வேலை நன்றாக வந்ததால், அரசுப் பள்ளிகளுக்கும் செய்யலாமே என்று ஆசை வந்தது.

போன மாதம் கல்வித் துறை சார்ந்த ஒரு அலுவலகம் 150 செட்டுக்கு ஆன்லைனில் டெண்டர் விட்டது. மூன்று பிள்ளைகள் உட்காரும் அளவு. மொத்தம் 11 லட்சம் பக்கம் வரும். தொழில்நுட்ப உறை தனி, விலை உறை தனி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வாங்கி, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்று, ஜிஎஸ்டி கணக்கு, ஆடிட்டர் கொடுத்த மூன்று வருஷ விற்றுமுதல் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி ஏற்றி முடித்தேன்.

மாதிரிக்கு ஒரு செட்டும் செய்து வைத்திருந்தேன். 16 கேஜ் சதுரப் பைப். வெல்டிங் முடிந்ததும் ஒவ்வொரு மூலையையும் நானே அரம் போட்டுத் தேய்த்தேன், கையால் தடவிப் பார்த்து எங்கேயும் பிசிறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெயின்டுக்கு அனுப்பினேன். என் மகளின் பாவாடை பள்ளி பெஞ்சில் மாட்டிக் கிழிந்து வந்த நாள் இன்னும் மனசில் இருக்கிறது.

இப்போது தெரிந்த ஒருவர் போன் செய்து, 'உங்கள் டெண்டர் முதல் உறையிலேயே போய்விட்டது' என்கிறார். அலுவலகத்தில் கேட்டால், 'ஏதோ ஒரு சான்று சரியில்லையாம், அவ்வளவுதான் தெரியும்' என்றார்கள். டீக்கடையில் ஆளாளுக்கு, எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்ததுதான் என்கிறார்கள். எனக்கு அப்படி நம்ப மனசு வரவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் தூக்கமும் வரவில்லை. நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டா? நான் யாரிடம் முறையிடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் பதில்:

அம்மா, நான் தென்மாவட்டக் கல்வி அலுவலகங்களில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது வருஷம் கொள்முதல் இருக்கை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரணம் சொல்ல வேண்டும். 1998-ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டம்தான் தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை, அதன் விதிகள் 2000-இல் வந்தன. யாருடைய டெண்டரை ஏற்றார்கள், மற்றவர்களுடையதை ஏன் தள்ளினார்கள் என்ற விவரத்தை, அரசு டெண்டர் விவரங்களை வெளியிடும் டெண்டர் இதழின் அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று 10-ஆவது பிரிவு சொல்கிறது. 11-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இந்தப் பத்து நாளைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கே இங்கே விசாரித்துக்கொண்டே இருப்பார்கள், நாள் போய்விடும்.

விலை உறையைத் திறக்காமல் விட்டது முறைதான். முதல் உறையில் தேறியவர்களுடைய விலையை மட்டும்தான் திறப்பார்கள். தேறாதவர் குறைந்த விலை போட்டிருக்கிறார் என்று தெரிந்தால் குழுவின் மனசு அந்தப் பக்கம் சாயும். அதைத் தடுக்கத்தான் இரண்டு உறை.

நான் இருக்கையில் இருந்த காலத்தில் எல்லாம் காகிதம். அரக்கு வைத்த உறைகளை மேஜையில் வரிசையாக அடுக்கி, வந்திருக்கும் சப்ளையர்கள் முன்னால் பிரிப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் குழுவினர் சுருக்கொப்பம் போட வேண்டும். பிறகு ஒப்பீட்டுப் பட்டியல். டெண்டரில் கேட்ட ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு கட்டம்: உண்டு, இல்லை. ஒரு கட்டத்தில் 'இல்லை' விழுந்துவிட்டால், அந்த ஆள் எவ்வளவு நல்ல பொருள் செய்பவர் என்று எங்களுக்கே தெரிந்திருந்தாலும் உள்ளே சேர்க்க முடியாது. அடுத்த வருஷம் தணிக்கையில் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தொடுவார்கள். அப்படி ஒரு நல்ல தச்சரை ஒரே ஒரு கையெழுத்துக்காகத் தள்ளியிருக்கிறேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கொள்முதல் எதுவும் மாவட்டத்தில் நடப்பதில்லை. புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் சென்னையில் பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வாங்குகிறது. 1970-இல் பாடநூல் நிறுவனமாக ஆரம்பித்தது அது. மடிக்கணினியை அரசின் மின்னணுக் கழகமான எல்காட் வாங்கும். சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கும். உங்களைப் போன்ற பட்டறைக்கு நுழைய இடம் இருப்பது பெஞ்ச், பீரோ, பழுதுபார்ப்பு போன்ற சில்லறை டெண்டர்களில்தான். அதனால் இதை ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: டெண்டர் தளத்தில் உங்கள் கணக்கில் நுழையுங்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டின் சுருக்கத்தை ஏற்றியிருப்பார்கள். அதில் உங்கள் பெயருக்கு எதிரே காரணம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

---

புதூர் பட்டறை:

ஐயா, பார்த்தேன். நாலு நாள் முன்னால் ஏற்றியிருக்கிறார்கள். 'ஆடிட்டர் சான்றில் யுடிஐஎன் எண் இல்லை' என்று ஒரே வரி. ஒவ்வொரு சான்றுக்கும் ஆடிட்டர் தனியாகப் போடும் அடையாள எண் அது.

ஓடிப்போய் அசல் சான்றை எடுத்தேன். எண் இருக்கிறது ஐயா! அடியில், முத்திரைக்குக் கீழே, பொடி எழுத்தில் பதினெட்டு இலக்கம். நான் ஏற்றின பிரதியைத் திறந்தால் முத்திரையோடு தாள் முடிந்துவிட்டது. சான்று கொஞ்சம் நீளமான தாளில் இருந்தது, ஸ்கேனரை ஏ4-இல் வைத்திருந்தேன். கடைசி இரண்டு விரல்கடை விழவில்லை. அந்த இரண்டு விரல்கடையில்தான் எண்.

---

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

அப்படியானால் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டயக் கணக்கர் கொடுக்கும் சான்றுக்கு 2019 பிப்ரவரியிலிருந்து அந்த எண் கட்டாயம். எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் அவர்களுடைய சங்கத் தளத்தில் சான்றைச் சரிபார்க்கலாம், எந்தத் தேதியில் உருவாக்கியது என்றும் அதில் தெரியும். டெண்டர் முடிந்த பிறகு புதிய சான்று கொண்டுவந்து சேர்ப்பதை யாரும் ஒப்ப மாட்டார்கள். ஏற்கெனவே இருந்த சான்றைப் பற்றித் தெளிவு கேட்பது வேறு. உங்கள் எண் கடைசித் தேதிக்கு முன்னால் உருவானது என்பதை எவரும் ஒரு நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். டெண்டர் எண், சான்றின் தேதி, யுடிஐஎன் எண், ஸ்கேன் செய்ததில் அடிப்பகுதி விடுபட்டது என்ற உண்மை, சரிபார்த்து மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற வேண்டுகோள். ஒரு பக்கம் போதும். குற்றம் சாட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நேரிலும் கொண்டுபோய்க் கொடுத்து, தபால் பிரிவில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். விலை உறை திறப்பதற்குள் கடிதம் கோப்பில் ஏறிவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

ஏற்பார்களா என்றால், பாதிக்குப் பாதிதான். 'ஏற்றாதது எங்கள் கண்ணுக்கு இல்லாததுதான்' என்று குழு சொல்லலாம், அதுவும் தவறென்று சொல்ல முடியாது. உத்தரவு அப்படி வந்தால் 10 நாளுக்குள் மேல்முறையீடு. ஆவணங்களைப் பார்க்க வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அது வரட்டும் என்று மேல்முறையீட்டைத் தள்ளிவைக்காதீர்கள்.

---

சிவகாசி அச்சகம்:

அக்கா, நான் நோட்டு, பதிவேடு அச்சடித்துக் கொடுப்பவன். ஐயா சொன்னதெல்லாம் ஆர்டர் கிடைக்கும் வரைக்கும். கிடைத்த பிறகு ஒரு பாடு இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதல் ஆர்டரில் எனக்குப் பணம் வர ஏழு மாதம் ஆனது. அலுவலகத்தை ரொம்பத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், 46 பள்ளிக்கு இறக்கினதில் பொருள் பெற்றதற்குக் கையெழுத்துப் போடும் சலானில் ஒன்பது பள்ளியில் தேதி இல்லை, மூன்றில் முத்திரை இல்லை. அது முழுசாக வராமல் அவர்களால் பில் போட முடியாது. அன்றிலிருந்து லாரியோடு என் தம்பியையும் அனுப்புகிறேன். பெயர், தேதி, முத்திரை, எண்ணிக்கை நான்கும் இருந்தால்தான் வண்டி நகரும்.

வரியையும் கணக்கில் வையுங்கள். ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் பணம் தரும்போதே 2 சதவீதத்தை ஜிஎஸ்டி டிடிஎஸ் என்று பிடிப்பார்கள். பணம் எங்கும் போகாது, ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் அங்கேயே உள்ள உங்கள் ரொக்கக் கணக்கில் வந்து சேரும். நான் ஒரு வருஷம் அதை ஏற்காமலே விட்டிருந்தேன்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு தொழில் சட்டம் கைகொடுக்கும். பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை பேச முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இப்படிப்பட்ட பாக்கி முறையீடுகளைக் கேட்கும் 'வசதி மன்றம்' மதுரையிலேயே இருக்கிறது. ஆனால் இது பொருள் செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021-இல் உத்யம் பதிவு கொடுத்தார்கள், இந்தப் பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. உங்கள் சான்றில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

---

பேரையூர் பக்கம் தலைமையாசிரியை:

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்கள் பள்ளியில் 84 பிள்ளைகள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தின் வரைமுறைப்படி ஆண்டு மானியம் 25,000 ரூபாய். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கிச் செலவழிக்கிறோம். குழாய், மின்விசிறி, பதிவேடு என்று போய்விடும். அதில் பெஞ்ச் வாங்க வழியில்லை. மேலே இருந்து வருவதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு லாரி வந்தது. 12 செட் என்று சலான். டிரைவர் அவசரப்படுத்தினார். நான் எண்ணினேன், 11 இருந்தது. ஒன்றில் கால் பற்றவைப்பு விட்டுப்போய் ஆடியது. '11 பெற்றேன், அதில் ஒன்று பழுது' என்று சலானிலேயே எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் இரண்டும் வந்தன. வாங்கிய எண்ணிக்கையை எழுதாமல் வெறுமனே கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். பிறகு இருப்புப் பதிவேட்டில் இல்லாத பெஞ்சுக்கு அவர்கள்தான் பதில் சொல்கிறார்கள்.

பெரிய குறை வேறு. வந்தது எல்லா வகுப்புக்கும் ஒரே உயரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் படவில்லை. நாள் முழுக்கக் கால் தொங்கிக்கொண்டே இருக்கும், முன்னால் சரிந்து சரிந்து எழுதுவார்கள். டெண்டரில் ஒரே அளவு போட்டால் சப்ளையர் என்ன செய்வார்? அளவு எழுதுபவர்கள் ஒரு நாள் வந்து பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

டீச்சர் சொல்வது உண்மை. அந்த அளவு பெரும்பாலும் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவது, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை மாற்ற ஒரு வாசல் இருக்கிறது. டெண்டர் திறந்திருக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். பதில் டெண்டர் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும். 2 கோடி வரைக்கும் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்கச் சொல்லியிருப்பதே அதற்காகவும்தான். என் ஒன்பது வருஷத்தில் அப்படிக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

---

புதூர் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் கொடுத்துவிட்டேன், பதிவு எண்ணும் வாங்கிவிட்டேன். அங்கே இருந்த எழுத்தர், ஒரு பெண், என் முன்னாலேயே எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தார். சான்று அப்படியே வந்தது, தேதியும் சரியாக இருந்தது. 'குழுவில் வைக்கிறோம்' என்றார். விலை உறை திறப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருப்பதாகவும் சொன்னார்.

உத்யம் சான்றில் 'உற்பத்தி' என்றுதான் இருக்கிறது தம்பி.

டீச்சர், உங்கள் ஒன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளைகளுக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க ஆசை. அனுமதி கொடுத்தால் ஒரு நாள் காலையில் பேரையூர் பஸ் ஏறி வருகிறேன். அடுத்த டெண்டர் வரும்போது அந்த அளவோடு விளக்கம் கேட்டு எழுதலாம்.

---

பேரையூர் பக்கம் தலைமையாசிரியை:

வாருங்கள். மதிய உணவுக்கு முன்னால் வந்தால் நல்லது, சாப்பிட்டதும் சின்னதுகள் தூங்கிவிடும்.