கிரிப்டோ செய்தித் தளத்தில் நிருபர் வேலை: நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

அல்சூர்க்காரன்:
பெங்களூரு கோரமங்களாவில் ஒரு கிரிப்டோ செய்தித் தளம், அடுத்த வாரம் நேர்காணல். கூடவே ஒரு மணி நேர எழுத்துத் தேர்வும் உண்டாம். வணிகச் செய்தி எழுதிப் பழக்கம். பிளாக்செயின் மேலோட்டமாகத்தான் தெரியும். எதைப் பார்த்துக்கொண்டு போகலாம்? கையில் கொஞ்சம் பிட்காயின் இருப்பதைச் சொல்லலாமா?

மெய்ப்புத்திருத்தி:
விலை எங்கே போகும் என்றெல்லாம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், கவலை வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பத்திரிகைக் குறிப்பைக் கொடுத்து 300 சொல்லில் செய்தியாக்கச் சொல்வதுதான் வழக்கம். கண்ணி அதற்குள்ளேயே இருக்கும்.

பழைய கண்ணி, சந்தை மதிப்பு. ஒரு திட்டம் வெளியிடும் கிரிப்டோ நாணயமான டோக்கன் மொத்தம் 100 கோடி, புழக்கத்தில் 10 கோடி, விலை 5 ரூபாய் என்று வையுங்கள். புழக்கத்தில் இருப்பதை விலையால் பெருக்கினால், சந்தை மதிப்பு 50 கோடி ரூபாய்தான். குறிப்பில் 500 கோடி என்று மின்னும். இன்னும் வெளியே வராத டோக்கனையும் சேர்த்த கணக்கு அது. 'இன்னாருடன் கூட்டணி' என்றிருந்தால், அந்த இன்னார் தரப்பிலும் அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். பல சமயம் குறிப்பு அனுப்பிய நிறுவனம் அவர்களுடைய கிளவுட் சேவைக்குக் காசு கட்டும் வாடிக்கையாளர் என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது.

அடுத்து ஈதர்ஸ்கேன், ஈதரியம் என்ற பிளாக்செயினின் பொதுப் பேரேட்டைத் தேடிப் பார்க்கும் தளம். ஒரு பரிவர்த்தனையின் ஹேஷை, அதாவது அடையாளக் குறியீட்டை, கொடுத்து என்ன நடந்தது என்று கேட்பார்கள். முதலில் நிலையைப் பாருங்கள்: தோற்றுப்போன பரிவர்த்தனைக்கும் ஹேஷ் உண்டு, கட்டணமும் போகும், பணம் மட்டும் நகர்ந்திருக்காது. பிறகு தசம இடம், அதாவது மூல எண்ணில் கடைசி எத்தனை இலக்கங்கள் புள்ளிக்குப் பின்னால் வரும் என்பது. பல டோக்கன்களுக்கு 18, டாலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிடி டோக்கனுக்கு ஈதரியத்தில் 6. மூல எண்ணை அப்படியே எடுத்தால் தொகை தாறுமாறாகிவிடும். முகவரி யாருடையது என்று தளம் காட்டும் பெயர்ச்சீட்டு இருக்கிறதா என்பதும் முக்கியம். எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைத் தளம்) தன் வாலட்டிலிருந்து, அதாவது கிரிப்டோ பணப்பையிலிருந்து, தன் இன்னொரு வாலட்டுக்கு மாற்றியதை 'திமிங்கிலம் (பெரும் கையிருப்பு உள்ளவர்) விற்கிறது' என்று எழுதினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

வரிக்கணக்கு:
இந்திய விதிகளை விட்டுவிடாதீர்கள், பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். லாபத்துக்கு 30% வரி, மேலே செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் வந்த 1% டிடிஎஸ் (பரிவர்த்தனையின்போதே பிடிக்கும் வரி) தனி வரி அல்ல, கட்டவேண்டிய வரியில் கழியும்.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை. 'கிரிப்டோவைச் சட்டபூர்வமாக்கியது' என்று எழுதுவது பிழை. எஃப்ஐயு, அதாவது மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் கிரிப்டோ நிறுவனங்கள் செய்யும் பதிவும் அப்படித்தான்: கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதற்கான பதிவு, தொழில் உரிமம் அல்ல.

மெய்ப்புத்திருத்தி:
நன்றி, அது விட்டுப்போச்சு. ஹேக் செய்தி கேட்டால் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் நடந்த திருட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 18, சுமார் 23 கோடி டாலர், போனது ஒரு மல்டிசிக் வாலட்டிலிருந்து (பலர் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும் வாலட்). 'பிளாக்செயின் உடைந்தது' என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள்.

இரவுப்பணி:
பிட்காயின் இருப்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் தம்பி. வைத்திருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் வினை. அவர்களிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: விளம்பரக் கட்டுரையில் என் பெயர் போடுவீர்களா? நான் எழுதும் காயினை எத்தனை நாள் வாங்கவோ விற்கவோ கூடாது? இரண்டாவதற்கு முழித்தால், அங்கே விதியே இல்லை என்று அர்த்தம். சம்பளத்தில் ஒரு பங்கு டோக்கனாக என்றால் வேண்டாம், ரூபாயாகவே கேளுங்கள். அந்த டோக்கனைப் பற்றி நாளை நீங்களே எழுத வேண்டிவரும்.

நேர்காணல் ஆன்லைனுக்கு மாறி, புதிதாக ஏதோ ஒரு மீட்டிங் செயலியை இறக்கச் சொன்னாலோ, 'மைக் சரியாகும்' என்று கணினியின் டெர்மினலில் (கட்டளை தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரு வரியை ஒட்டச் சொன்னாலோ உடனே வெளியேறுங்கள். வாலட்டைச் சுரண்டும் போலி நேர்காணல் அது.