தங்கை மகளின் புதுநன்மைப் பூசைக்கு சி.எஸ்.ஐ மாமன் போனால் எப்போது எழும்புவது, எப்போது உட்காருவது?

களியக்காவிளைக்காரன்:

பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டண்ட் சபை, பாட்டா காலத்து ஆட்கள் பாஷையில் எல்.எம்.எஸ்காரன் (லண்டன் மிஷனரி சங்கத்துக்காரன்). தங்கையை ஆர்.சி-யில், ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில், கட்டிக்கொடுத்து பதினொரு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை வீடு கேரளத்துப் பாறசாலை தாண்டி, லத்தீன் முறைப் பங்குக் கோவில், ஆனால் பூசை மலையாளத்தில். அடுத்த மாதம் அவள் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குகிற நாள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். வெள்ளை கவுன், தலைக்கு வைக்கிற கிரீடம், ஒரு பவுன் செயின் எல்லாம் என் கணக்கு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கோவிலுக்குள் காலை வைத்த பிறகுதான் பிரச்சினை.

இதுவரை ஆறேழு தடவை போயிருப்பேன். வாசலிலேயே முதல் சோதனை: எல்லாரும் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள், நான் அந்த நேரம் பார்த்து போனை எடுத்து சைலண்டில் போடுகிற மாதிரி நடிப்பேன். உள்ளே போனால் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழும்பலாம் என்று பார்த்தால், நம்ம ஊரில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்களும் என்னைப் போலத்தான், அவர்களை நம்பி ஒருமுறை எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் கம்பம் மாதிரி நின்றேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையின் மாமனார் அடக்கம். வந்தவர்கள் பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆட்கள் என்று அன்றைக்குத் தமிழில் வைத்தார்கள். கர்த்தருடைய ஜெபம் வந்ததும், சரி, இது நமக்குத் தெரிந்ததுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் ‘தந்தையே’ என்னும்போது என் வாய் ‘பிதாவே’ என்கிறது, அவர்கள் ‘ஆட்சி’ என்றால் எனக்கு ‘ராஜ்யம்’, ஆனாலும் சமாளித்துக்கொண்டே போய் ‘தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்’ என்று முடித்து அதே மூச்சில் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடர்ந்தால், அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். கோவில் முழுக்க என் குரல் ஒன்றுதான். ‘வல்லமையும்’ வரைக்கும் வந்துவிட்டேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது அதற்கு அப்புறம் வருவது. நன்மை வாங்க ஒவ்வொரு பெஞ்சாக எழும்பிப் போவார்கள், நான் காலை ஒடுக்கி வழிவிடுவேன், கொஞ்ச நேரத்தில் அந்த பெஞ்சில் நானும் யாரோ விட்டுப்போன ஒரு குடையும் மட்டும் இருப்போம். எங்கள் சபையில் திருவிருந்து அன்றைக்கு வேறு சபை ஆட்கள் வந்திருந்தால் போதகர் ஐயரே கூப்பிடுவார். இங்கே என் கூடப்பிறந்தவள் என் முட்டியைத் தாண்டிப் போய் வாங்கிவிட்டு வந்து கண்மூடி உட்காருகிறாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிலையைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் நெருடியதில்லை, இதுதான் நெருடும்.

இப்போது அந்தப் பிள்ளை போனில் கேட்கிறது: “மாமா, அம்மாவும் அப்பாவும் எங்கூட வந்து நன்மை வாங்குவாங்க, நீங்களும் வருவீங்கல்லா?” நான் ‘பார்ப்போம் மக்களே’ என்று வைத்துவிட்டேன். எங்கள் அம்மாவோ, “மண்டபத்துல சாப்பாட்டுக்குப் போனா போதும், உள்ள போகாண்டாம்” என்கிறாள்.

உங்களில் இப்படிப் போய் வருகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? நம்பாமல் முழங்காலிட்டால் அது பொய் ஆகாதா? பிள்ளையிடம் என்ன சொல்ல?

கடலோர மருமகள்:

அண்ணா, நான் மார்த்தாண்டம் பக்கம் சி.எஸ்.ஐ-யில் பிறந்து கடற்கரை ஊரில் ஆர்.சி-க்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்னால் மாறிக்கொண்டேன். ஆனால் ஞானஸ்நானம் மறுபடி கொடுக்கவில்லை, எங்கள் சபையில் வாங்கியதையே ஏற்றுக்கொண்டார்கள். இது நம்ம ஆட்களில் பலருக்குத் தெரியாது, “உனக்கு மறுபடி தண்ணி ஊத்தினாங்களா” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

முழங்கால் விஷயம்: நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், தலையைக் குனிந்துகொண்டால் போதும், ஒருத்தரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் மூட்டுவலிக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். எல்லாரும் எழும்பும்போது எழும்புங்கள், அது மரியாதை. முழங்காலிடுவது உங்கள் இஷ்டம். தீர்த்தத்துக்கு எதற்கு போன் நாடகம்? சும்மா நடந்து உள்ளே போங்கள்.

ஆனால் நன்மை வாங்க மட்டும் ‘என்னதான் ஆகிவிடும்’ என்று வரிசையில் நின்றுவிடாதீர்கள். என் கல்யாணத்தில் நடந்தது: எங்கள் சித்தப்பா, பாவம், எல்லாரும் போகிறார்கள் என்று இவரும் போய் கையை நீட்டிவிட்டார். சாமியார் “கிறிஸ்துவின் திருவுடல்” என்று சொல்லிக் கொடுத்ததும், “தேங்க்ஸ் ஃபாதர்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்து, சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். சாமியாருக்கு உதவுகிற உபதேசியார் பின்னாலேயே ஓடி வந்து, “ஐயா அத வாயில போடுங்க, இல்லன்னா குடுங்க” என்று கெஞ்சுகிறார். இவருக்கு விஷயம் புரியவில்லை, “வீட்டுல கொண்டுபோய் சாப்பிடுதேன்” என்கிறார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. மாமியார் வீட்டில் பல வருடம் இதைச் சொல்லிக்காட்டினார்கள். அவர்களுக்கு அது அப்பத்துண்டு இல்லை, ஆண்டவரே. அதைப் பாக்கெட்டில் போட்டால் எப்படிப் பதறும் என்று எனக்கு இப்போது புரிகிறது, அன்றைக்குப் புரியவில்லை.

உங்கள் அம்மா மாதிரிதான் எங்கள் அம்மையும். என் மூத்தவன் புதுநன்மை அன்றைக்குக் கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் ஸ்பீக்கரில் கேட்டதாம், “வசனமெல்லாம் நம்ம வசனந்தான் வாசிக்கானுவ” என்றாள். இப்போது பேத்தி பாட்டுக்குழுவில் சேர்ந்ததிலிருந்து உள்ளே மூன்றாவது பெஞ்சு.

வசனம் மட்டும்:

சகோதரரே, உறவுக்காக சத்தியத்தை விடக்கூடாது. பூசைக்கு அவர்கள் வைத்த பெயரே ‘திருப்பலி’. எபிரெயர் 10:10 ‘ஒரேதரம்’ பலியிடப்பட்டார் என்கிறது. ஒரேதரம் முடிந்ததற்கு ஞாயிறுதோறும் எதற்குப் பலி? நீங்கள் போய் உட்கார்ந்தால் அதற்கு உடன்படுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். தங்கை பாசம் வேறு, ஆராதனை வேறு. மண்டபத்துக்கு மட்டும் போங்கள், உங்கள் அம்மா சொன்னதே சரி.

சும்மா ஒரு ஆள்:

சீரியப் படைத்தலைவன் நாகமானுக்கு எலிசா தீர்க்கதரிசி விட்டுக்கொடுத்தாரே? 2 இராஜாக்கள் 5:18. ராஜா கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் என்கிற அந்நிய தெய்வத்தின் கோவிலில் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்டதற்கு ‘சமாதானத்தோடே போ’ என்றுதானே சொன்னார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மாமன் குனிந்தால் குற்றமா?

பாறசாலை ஆர்.சி:

சும்மா ஒரு ஆள், ஆதரவாகப் பேசுகிறேன் என்று எங்கள் கோவிலை ரிம்மோன் கோவில் ஆக்கிவிட்டீர்களே. நன்றி.

வசனம் மட்டும் அவர்களுக்கு ஒன்று: கிறிஸ்துவை மறுபடி மறுபடி பலியிடுவதாக நாங்கள் நம்பவில்லை, கல்வாரியில் நடந்த அதே ஒரு பலி பீடத்தில் நம் முன் நிற்கிறது என்பதுதான் எங்கள் போதனை. ஏற்றுக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, ஆனால் சொல்லாததைச் சொன்னதாக ஆக்க வேண்டாம்.

களியக்காவிளைக்காரரே, அந்த ஜெபத்தில் நீங்கள் அரை நிமிடம் அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். ‘தீமையிலிருந்து’ என்று முடிந்ததும் சாமியார் தனியாக ஒரு சின்ன ஜெபம் சொல்வார், அது முடிந்ததும் நாங்களும் அந்த ராஜ்யம், வல்லமை, மகிமையைச் சொல்கிறோம். அடுத்த தடவை பொறுத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள், பாட்டி திரும்ப மாட்டார். மலையாளத்தில் ‘ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே’ என்று அதுவும் பிதாவேதான், உங்களுக்கு இன்னும் சுலபம்.

நன்மை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். மற்ற சபையினருக்குக் கொடுப்பது பற்றி 1983-ன் திருச்சபைச் சட்டத்தில் 844-வது எண்ணில் இருக்கிறது. சாகும் தறுவாய் மாதிரி பெரிய அவசியம் இருந்து, தங்கள் போதகரை அணுக வழியில்லாமல், தாங்களாகவே கேட்டு, நற்கருணை பற்றிய எங்கள் விசுவாசத்தையும் ஏற்றால் கொடுக்கலாம். புதுநன்மை விழா அதில் வராது. வெளிநாட்டில் இருப்பவர்கள், கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு போனால் ஆசீர் மட்டும் கொடுப்பார்கள் என்பார்கள். நம்ம பக்கம் எல்லா சாமியாருக்கும் அது பழக்கமில்லை, முன்கூட்டியே கேட்காமல் போனால் நாக்கில் வைத்துவிடுவார், அப்புறம் சித்தப்பா கதைதான்.

நீங்கள் மட்டும்தான் பெஞ்சில் இருப்பதாக நினைக்க வேண்டாம். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள், கோவிலில் வைத்துக் கட்டாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தவர்கள் என்று எங்கள் ஆட்களே எத்தனையோ பேர் எழும்ப மாட்டார்கள். நானே இரண்டு வருடம் எழும்பாமல் இருந்திருக்கிறேன். காரணம் இங்கே வேண்டாம்.

எங்களுக்கும் உங்கள் ஆராதனையில் இதே கதிதான். நண்பன் கல்யாணத்துக்கு வந்து, பழக்கதோஷத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு காலை மடக்கி வணங்கிவிட்டேன், பின்னால் வந்தவர் என் மேல் முட்டிவிட்டார். முன்னால் நற்கருணைப் பேழையும் இல்லை, சுரூபமும் இல்லை, எதைப் பார்த்து வணங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிரசங்கம் ஐம்பது நிமிடம். எங்கள் சாமியார் பத்தைத் தாண்டினாலே நாங்கள் வாட்ச் பார்ப்போம்.

ரிட்டயர்டு வாத்தியார்:

இதைப் படிக்கிற சிறுவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். இன்றைக்கு ‘உள்ளே போகலாமா’ என்று ஒரு தரப்புதான் கேட்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டு தரப்பும் கேட்டன. 1960-களின் ஆரம்பம், என் அத்தை கல்யாணம், எங்கள் சபையில். அப்பாவின் உயிர் நண்பர் ஆர்.சி. பந்தல் போட்டதிலிருந்து சமையலுக்கு விறகு அடுக்கியது வரை அவர்தான். ஆராதனை தொடங்கியதும் வாசற்படிக்கு வெளியே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முழு நேரமும் நின்றார். அப்போதைய அவர்கள் சட்டம், 1917-ல் வந்தது, பிற சபை வழிபாட்டில் கலந்துகொள்வதைத் தடுத்தது. கல்யாணம், அடக்கத்துக்குப் போய் சும்மா இருக்கலாம் என்று அதிலேயே இடம் இருந்ததாம், ஆனால் அது அவர் காது வரை வரவில்லை. அப்பாவுக்கு அந்த வருத்தம் சாகிறவரை இருந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் இதெல்லாம் தளர்ந்தது, பூசையும் லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1806-ல் எல்.எம்.எஸ் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து மயிலாடியில் தொடங்கியதிலிருந்து, ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்பதை ஓய்வுநாள் பள்ளியிலேயே ஊட்டி வளர்த்திருக்கிறோம். என் பாட்டி ஆர்.சி குருசடியை, அந்த வழியோரச் சிலுவைக் கோவிலை, தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதே வீட்டில், 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது டிவி முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நட்டாலத்துக்காரர் அல்லவா. புனிதர் என்ற கணக்கை நான் ஏற்பதில்லை, ஆனாலும் 1752-ல் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காகச் சுடப்பட்ட நம்ம ஊர் மனுஷனை எந்த சபைக் கணக்கில் சேர்ப்பது?

நான் பூசைக்குப் போனால் வாசகங்களைக் கவனித்துக் கேட்பேன். ஞாயிறு பூசையில் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் எல்லாம் உண்டு, மூன்று வருடச் சுற்றில் வாசிப்பார்கள். எங்கள் சபையில் சில ஞாயிறுகளில் பிரசங்க வசனத்தோடு சரி. இதை எங்கள் கமிட்டியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தம்பி, பிள்ளையிடம் உண்மையைச் சொல். ஒன்பது வயதுக்குப் புரியும்.

களியக்காவிளைக்காரன்:

போய்விட்டு வந்தேன், அதனால் எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, வசனம் மட்டும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர் சொன்னது மனதில் கிடந்ததால்தான் முழங்காலிடும் நேரத்தில் உட்கார்ந்தே தலை குனிந்தேன், பொய்யாக ஒன்றும் செய்யவில்லை.

முந்தின நாளே பிள்ளையைக் கூட்டி வைத்துச் சொன்னேன்: “மாமா வேற சபை மக்களே, உங்க கோவில்ல நன்மை வாங்க எனக்கு அனுமதி இல்ல, நான் பெஞ்சில உக்காந்து உனக்காக ஜெபம் பண்ணுவேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ என் பேக்கைப் பிடிச்சிக்கிடுவீங்களா?” என்றாள். சரி என்றேன். ஆக பூசை முழுக்க என் மடியில் ஒரு வெள்ளை ஜரிகைப் பை, உள்ளே ஜெபமாலையும் ஒரு மிட்டாயும்.

கர்த்தருடைய ஜெபத்தில் பொறுத்திருந்தேன். சாமியார் சொல்லி முடித்ததும் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் வந்தது, மலையாளத்தில், நானும் சொன்னேன்.

வரிசை போகும்போது பழைய நெருடல் இருந்ததா என்றால் இருந்தது. தங்கை எழும்பும்போது என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு போனாள். அம்மா உள்ளே வரவில்லை, காரில் இருந்தாள், ஆனால் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள்.

மண்டபத்தில் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது பிள்ளை பக்கத்தில் வந்து காதோடு சொல்கிறது: “மாமா, அதுல ருசியே இல்ல, ஐஸ்கிரீம் கோன் மாதிரி நாக்குல ஒட்டிக்கிட்டு. உங்க சபையில எப்பிடி இருக்கும்?”

பேக்கரி ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தருவோம் என்றேன்.

“ஜாம் உண்டா?”