சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊருக்குத் திரும்புவதை இப்போதே பேசிவிடுங்கள்

வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களிடம் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசினால் அபசகுனம் மாதிரிப் பார்க்கிறார்கள். எட்டு, பத்து வருடம் ஆனவர்களிடமோ வேறு பேச்சே இல்லை. தேக்காவில் டீ குடிக்கும்போதும் துணைப்பாட வகுப்பு வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போதும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். "பெரியவள் பிஎஸ்எல்இ (தொடக்கநிலை ஆறின் பொதுத்தேர்வு) முடிக்கட்டும்" என்பார் ஒருவர். சிங்கப்பூர் டாலரின் மதிப்பைச் சொல்லி, "வெள்ளி இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்பார் இன்னொருவர். நானும் இங்கே நிரந்தரவாசிதான், எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடுகிறது. இத்தனை வருடம் கேட்டதில் எனக்குப் பட்டது இதுதான்: பத்தாவது வருடத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது பாதி முடிவை முதல் மூன்று, நான்கு வருடத்தில் போட்ட கையெழுத்துகளே எடுத்து முடித்திருக்கும். அதனால்தான் இதைப் புதிதாக வந்தவர்களுக்கு எழுதுகிறேன்.

வொர்க் பெர்மிட்டில் (தொழிலாளர்களுக்கான வேலை அனுமதியில்) வந்திருக்கும் தம்பிகளுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, திரும்புவது உறுதி, எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. 2025 ஜூலையிலிருந்து அதிகபட்ச வேலைக்கால வரம்பையும் எடுத்துவிட்டார்கள், அதனால் அந்த "எப்போது" இனி வேலைக்கால வரம்பால் முடிவாவதில்லை. கீழே சொல்வது பெரும்பாலும் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (நிபுணர்களுக்கான வேலை அனுமதியில்) குடும்பத்தோடு வந்தவர்களுக்கு.

சிங்கப்பூரில் ஒரு சிக்கல், ஊர் பக்கத்தில் இருப்பது. திருச்சிக்கு நாலு மணி நேரம். சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடி விமானம் உண்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி கிளம்பி விடியும்போது வீட்டில் நிற்கலாம். இது பெரிய வரம், ஆனால் முடிவைத் தள்ளிப்போடவும் இதைவிட வசதி கிடையாது. "எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம்" என்ற நினைப்பிலேயே பதினைந்து வருடம் ஓடியவர்கள் ஏராளம். வெள்ளி விலையும் அப்படித்தான். 2015-இல் 47 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது 2025-இல் 65-ஐத் தாண்டியது. காத்திருந்தவர்களுக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே வந்தது, அதனால் இன்னும் காத்திருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துகளுக்கு வருவோம். முதலாவது பிஆர், அதாவது நிரந்தரவாசத் தகுதி. கடிதம் வந்ததும் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்கிறோம். பையன் இருக்கும் வீட்டில் அதற்கு முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்து பேச வேண்டும். வேலையின் அடிப்படையில் முதலில் பிஆர் வாங்கும் அப்பாவுக்குத் தேசிய சேவை (ஆண்களுக்கான கட்டாயச் சீருடைப் பணி) கிடையாது. அவரோடு சேர்ந்து பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் அழைப்பு, இரண்டு வருடம் முழுநேரம். அதன்பின் பெரும்பாலானவர்களுக்கு 40 வயது வரை அவ்வப்போது முகாம். 13 வயதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். சேவை செய்யாமல் பிஆரை விட்டுக்கொடுத்தால், பிற்காலத்தில் அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். இதை அரசாங்கம் ஒளித்துவைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறது.

தேசிய சேவையைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முடித்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன், பொறுப்பாகத்தான் இருக்கிறார்கள். இங்கேயே வாழப் போகிற குடும்பத்துக்கு அது நியாயமான கடமை. பிஆரின் வசதியும் வேண்டும், பையனுக்குப் பதினாறு வயது ஆவதற்குள் ஊருக்கும் போய்விட வேண்டும் என்று இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, எதையும் வாய்விட்டுப் பேசாமல் இருப்பதுதான் பிரச்சினை. மகனைச் சேர்க்காமல் விண்ணப்பிக்கும் வீடுகளும் உண்டு. அப்போது அவன் வெளிநாட்டு மாணவன் கணக்கில் வருவான். உள்ளூர்ப் பள்ளியில் அவனுக்கு இடம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிஞ்சினால்தான், கட்டணமும் பல மடங்கு. எந்தப் பக்கம் போனாலும் விலை உண்டு. மகனின் வயதை ஒரு தாளில் எழுதி, எந்த வருடத்தில் அவனுக்கு 13, எந்த வருடத்தில் 16 என்று குறித்துவைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் திறங்கள்.

இரண்டாவது வீடு. தம்பதி இருவரும் பிஆர் என்றால், மூன்று வருடம் ஆனபின் வீவக (அரசு வீடமைப்புக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கலாம். வாடகைக்குக் கொடுக்கிற காசை நம் வீட்டுக்கே கட்டலாமே என்று எல்லோரும் சொல்வார்கள், கணக்கும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நிரந்தரவாசிகளுக்கு 5 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடம் அதிலேயே குடியிருக்க வேண்டும். பிஆரை விட்டால் வீட்டையும் விற்றாக வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது: வீவக வீடு வாங்கும் நிரந்தரவாசியின் பெயரில் வெளிநாட்டில் குடியிருப்பு வீடு இருந்தால், ஆறு மாதத்துக்குள் அதைக் கைமாற்ற வேண்டும். ஊரில் கடன் வாங்கிக் கட்டிப் புதுமனை புகுவிழா நடத்திய வீடும் இதில் அடங்கும். திரும்பிப் போகத்தான் அந்த வீட்டையே கட்டினோம் என்றால், இங்கே வாங்குவதற்கு முன் அதை யோசித்துவிடுங்கள்.

மத்திய சேமநிதியை (சிபிஎஃப்) பற்றித்தான் வீண் பயம் அதிகம். "பணம் மாட்டிக்கொள்ளும்" என்பார்கள். மாட்டாது. பிஆரை விட்டுவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது வட்டியோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 55 வயதுக்குள் உள்ளவர்களுக்கு முதலாளி பங்கும் நம் பங்கும் சேர்ந்து சம்பளத்தில் 37 விழுக்காடு (உச்சவரம்பு உண்டு, முதல் இரண்டு வருடம் விகிதம் குறைவு), ஆக நல்ல தொகைதான் சேரும். ஒரே விஷயம், அது கைக்கு வர பிஆரைத் துறக்க வேண்டும். ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு எடுக்க முடியாது. ரீ-என்ட்ரி பெர்மிட்டை (வெளிநாட்டில் இருக்கும்போதும் பிஆரைத் தக்கவைக்கும் அனுமதியை) மட்டும் புதுப்பித்துக்கொண்டு ஊரில் இருந்து பார்க்கலாம் என்பவர்கள், அந்தப் புதுப்பிப்பு இங்கே வேலையும் வருமானமும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளின் படிப்பில் ஒரு நல்ல செய்தி. இங்கே உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம், பிஎஸ்எல்இ வரை தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போராடி வாங்குவது இங்கே கால அட்டவணையிலேயே வருகிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம், ஆகவே திரும்பும் எண்ணம் துளியாவது இருந்தால் இங்கே மொழிப்பாடமாகத் தமிழையே எடுங்கள். பள்ளி ஆண்டு இங்கே ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே ஜூனில். இடையில் விழும் மாதங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பாட்டி வீட்டில் போகட்டும். என் கருத்தில் ஒன்பது, பத்து வயது திரும்புவதற்கு நல்ல வயது. பன்னிரண்டு வரை சமாளிக்கலாம். உயர்நிலை மூன்றில் இருக்கும் பிள்ளையைப் பிடுங்கி நடாதீர்கள்.

இங்கே பிள்ளை பிறந்தால், பெற்றோர் இந்தியர்களாக இருக்கும்பட்சத்தில், பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள். இங்கே பிறந்ததால் மட்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைக்காது. பிறகு எப்போதாவது சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்து ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டைக்கு) மாறினால், கல்லூரி இடம் வேறு கணக்கு. 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப்பின் அட்டை வாங்கியவர்கள் நீட், ஜேஇஇ போன்றவற்றில் என்ஆர்ஐ இடங்களுக்குத்தான் போட்டியிடலாம், இந்தியர்களுக்கான இடங்களுக்கு முடியாது. மருத்துவம்தான் கனவு என்றால் இந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் தாளில் இருப்பவை. வீட்டுக்குள் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலும் "போகலாம்" என்று சொல்வது கணவன், தயங்குவது மனைவி. அவருக்கு அம்மா வீடு ஞாபகம் வருகிறது, அவளுக்கு மாமியார் வீடு ஞாபகம் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்குகிற நிம்மதியை விட்டுவிட்டு, "எங்கே போயிட்டு வர்றே?" என்று நாலு பேர் கேட்கிற தெருவுக்கு அவள் போக வேண்டும். மறுபக்கமும் உண்டு. டிபென்டன்ட் பாஸில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்தினருக்கான அனுமதியில்) இருக்கும் பெண்கள் 2021 மே மாதத்திலிருந்து தனி வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்க்க முடியாது. எம்ஈ படித்துவிட்டு நாலு சுவருக்குள் இருக்கும் பெண்கள் என் புளோக்கிலேயே இருக்கிறார்கள், அவர்கள்தான் முதலில் கிளம்பத் துடிப்பவர்கள். எந்த வகையாக இருந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: திரும்பினால் எந்த ஊர், யார் வீட்டில், யார் சமையல். திருச்சியில் கூட்டுக் குடும்பம் என்றால் வேண்டாம் என்பவள் கோயம்புத்தூரில் தனி வீடு என்றால் சம்மதிக்கலாம். ஊருக்குப் போவது என்றால் பிறந்த தெருவுக்கேதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்பா அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் பலருக்கு இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி வாங்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வேண்டும். கிடைத்தாலும், திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்கள் பதினான்காம் மாடியில் எத்தனை நாள் இருப்பார்கள்? மருத்துவச் செலவும் வெளிநாட்டவர் கட்டணம். அதனால் பெற்றோருக்காகத்தான் திரும்புவது என்றால், அவர்கள் நடமாடும்போதே திரும்புவதில்தான் அர்த்தம். படுக்கையில் விழுந்தபின் போனால், வேலை தேடுவதும் ஆஸ்பத்திரியும் ஒரே சமயத்தில் தலையில் விழும். அண்ணன் தம்பிகளோடும் பேசிவிடுங்கள். பணம் அனுப்புகிறவன் வந்துதான் ஆக வேண்டுமா, இல்லை பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ள இவன் செலவை ஏற்பதா என்று வெளிப்படையாகப் பேசிய குடும்பங்களில் சண்டை குறைவு.

"எவ்வளவு சேர்த்தால் போகலாம்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் தொகை இல்லை. அந்தத் தொகை வருடா வருடம் ஏறுவதை மட்டும் பார்க்கிறேன். அங்கே மாதம் என்ன செலவாகும், என்ன வேலை கிடைக்கும் என்று பாருங்கள். உங்கள் கம்பெனிக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ கிளை இருந்தால் உள்மாற்றம் கேட்பது நல்ல வழி, சம்பளம் மட்டும் அந்த ஊர்க் கணக்குக்கு வந்துவிடும். அந்த ஊர் வாழ்க்கையைச் சகிக்க முடியுமா என்று பார்க்க, பொங்கலுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். மே மாதம் போங்கள், விருந்தாளியாக இல்லாமல் ஒரு மாதம் இருங்கள், ஏதாவது ஒரு வேலைக்குத் தாலுகா அலுவலகம் போய் வாருங்கள்.

வரி விஷயத்தில் ஒன்று மட்டும். பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு இந்தியாவில் வழக்கமாக இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம், ஆர்என்ஓஆர் (வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்) என்ற வரி நிலை கிடைக்கும். கடந்த ஏழு நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மேல் போகாமல் இருந்தாலே போதும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக அங்கே வரி இல்லை. இங்குள்ள பங்குகளை விற்பது, சேமநிதியை எடுப்பது எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வெளிநாட்டுக் கணக்குகளை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். என்ஆர்ஈ கணக்கையும் (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கையும்) மாற்ற வேண்டியிருக்கும். விவசாய நிலம் வாங்கும் ஆசை இருந்தால் திரும்பியபின் வாங்குங்கள், என்ஆர்ஐ-ஆக இருக்கும்போது வாங்க அனுமதி இல்லை. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டை மட்டும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள், அது இங்கே இருக்கும்போதே ஓடட்டும்.

கிளம்பும் நேரத்தில் இரண்டு விஷயம் எல்லோரையும் தடுக்கிறது. வேலையை விடும்போது முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வரித்துறைக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, வரிக் கணக்கு தீரும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்துவைப்பார். நிரந்தரமாகக் கிளம்பும் பிஆர்களுக்கும் இது உண்டு. ஆகவே கடைசி மாதச் சம்பளத்தை நம்பி விமான டிக்கெட்டோ கன்டெய்னரோ போடாதீர்கள். இன்னொன்று வாடகை ஒப்பந்தம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் டிப்ளமாட்டிக் கிளாஸ் இருந்தால், வேலை போனாலோ நாட்டை விட்டுக் கிளம்பினாலோ ஒரு வருடம் ஆனபின் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம். இல்லாவிட்டால் மிச்ச மாதங்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. இந்த வாரம் வீடு பார்க்கிறவர்கள் கையெழுத்துக்கு முன் அதைக் கேளுங்கள், ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள்.