பொருள்: ‘ரீசா’ – மறு அறுப்பா, ஏட்டறுப்பா, வகிரறுப்பா?

ம. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, வீட்டுப் பட்டறைக்கான பேண்ட்சா (சக்கரங்களில் நாடாப் பிளேடு சுற்றி ஓடி மரம் அறுக்கும் எந்திரம்) கையேட்டின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளேடு தேர்வு பற்றிய அத்தியாயம் முழுக்க ‘ரீசா’ (resaw) வருகிறது. பலகையை விளிம்பில் நிறுத்தி, அகலம் முழுவதும் ஊடுருவ அறுத்து, கனத்தைப் பிரிக்கும் வேலை அது. இப்போதைக்கு ‘மறு அறுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

க. எழுதியது:
‘மறு அறுப்பு’ வேண்டாம். முதல் அறுப்பு கோணிப்போய்த் திரும்ப அறுப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். ‘நீள அறுப்பு’ அதைவிட ஆபத்து. அது பலகையைப் படுக்கவைத்து அகலத்தைக் குறைப்பது. இரண்டும் குழம்பினால் பிளேடே தப்பாகிவிடும். முக்கால் அங்குலக் கனத்துக்குப் பொருந்துகிற, அங்குலத்துக்கு 10 பல் பிளேடை 6 அங்குல உயரத்தில் செலுத்தினால் ஒரே நேரத்தில் 60 பல் மரத்துக்குள் நிற்கும். பல்லிடைக் குழிகள் தூளால் அடைபடும், பிளேடு சூடேறி வளையும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கோட்டில் இருக்க, நடுவயிறு மட்டும் புடைத்துவரும். அங்குலத்துக்கு 3 பல் என்றால் உள்ளே 18தான், குழியும் ஆழம். பல் முன்சாய்ந்த கொக்கி வடிவில் இருக்க வேண்டும். ‘கன அறுப்பு’ என்று போடுங்கள்.

வ. எழுதியது:
மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வந்தால் அது ‘கனவறுப்பு’. கனவை அறுப்பதாகிவிடும். பிரித்தே எழுதுவோம் என்பது இலக்கணத்துக்கு மறுமொழி ஆகாது. நம்மிடம் ‘ஈர்தல்’ இருக்கிறதே! “உயிர்ஈரும் வாளது” என்ற குறளில் (334) வாள் என்பதே ரம்பந்தான். ஈர்வாள் வினைத்தொகை. ஒன்றை இரண்டாக்குவதால் இந்த ‘ஈர்’ எண்ணுப்பெயர் ‘ஈர்’ உடன் உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம்.

செ. எழுதியது:
வ. ஐயா, வினையடி ஈர் வேறு, ‘இரண்டு’ திரிந்த ஈர் வேறு. ஒலி ஒத்தால் உறவாகாது. ஈழத்து வழக்கில் இன்றும் வாள்தான், மரம் அரிதல்தான். ரம்பம் என்று சொல்வதில்லை. ஆனால் ஈர்தல், அரிதல், அறுத்தல் மூன்றும் எல்லா அறுப்புக்கும் பொது. கனத்தைப் பிரிப்பது அவற்றில் எங்கே? மெல்லிய தகடுகளாக வருவதால் ‘ஏட்டறுப்பு’ என்கிறேன். ஆடு ஆட்டுக்கால் ஆவதுபோல் டகரம் இரட்டும். ‘ஏடறுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள்.

க. எழுதியது:
2 அங்குலப் பலகையை இரண்டாக்குவதும் இதே வேலைதான் அம்மா. அங்கே ஏடு எது? ஏடு எடுப்பவருக்கு வேண்டியது வழவழப்பு. அதற்குப் பல் எண்ணிக்கையைக் கூட்டுவது தவறான வழி. ஒரு பல் மட்டும் அதிகம் வெளியே மடங்கியிருந்தாலே பரப்பு நெடுகச் சீரான கீறல் விழும். பற்றவைத்த இணைப்பு மேடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ கேட்கும், கோடும் விழும். பல்லிடைவெளி மாறிமாறி வரும் பிளேடு அதிர்வைக் குறைக்கும். கார்பைடு முனைப் பிளேடில் பக்கங்கள் தீட்டப்பட்டிருப்பதால் பரப்பு இன்னும் நயமாக வரும். ஆனால் அதற்கு இழுவிசை அதிகம் வேண்டும். 14 அங்குலச் சக்கரமுள்ள பல எந்திரங்கள் முக்கால் அங்குல அகலப் பிளேடைப் போதிய அளவு இழுத்துப் பிடிப்பதில்லை. அவற்றில் அரை அங்குலமே நல்லது. கையேட்டில் இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வ. எழுதியது:
அப்படியானால் ‘வகிர்தல்’. நீளவாக்கில் இரு கூறாகப் பிரிப்பது. தலையில் எடுக்கும் வகிடும் இதன் வழிதான். வகிரறுப்பு: புணர்ச்சியில் சிக்கலில்லை, ‘வகிர்ந்தறு’ என்று ஏவலும் கிடைக்கும்.

செ. எழுதியது:
வகிர்தல் சொல்வது நீளவாக்கை. க. தவிர்க்கச் சொன்ன நீள அறுப்பும் நீளவாக்குத்தானே? ஏட்டில் கனம் இருக்கிறது, வகிரில் இல்லை. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

ம. எழுதியது:
தனிமடல்களையும் சேர்த்தால் வகிரறுப்புக்கே ஆதரவு சற்று அதிகம். முதல் இடத்தில் ‘கனத்தைப் பிரிக்கும் அறுப்பு’ என்று விளக்கம் தந்துவிட்டுப் பிறகு வகிரறுப்பு என்றே எழுதுகிறேன். பிளேடு ஒரு பக்கமாக இழுப்பதை ‘விலகல்’ என்று வைத்தால் போதுமா?

க. எழுதியது:
போதும். அதன் திருத்தத்தையும் சேருங்கள்: உதிரிப் பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் (பலகைக்கு வழிகாட்டும் தடுப்பு) இல்லாமல் கையால் பிடித்துப் பாதிவரை அறுத்து நிறுத்தி, பலகை நிற்கும் கோணத்தை மேசையில் குறித்து, ஃபென்ஸை அந்தக் கோணத்துக்குத் திருப்ப வேண்டும். மழுங்கிய பிளேடில் இது பலிக்காது. பொருளடைவில் ‘ரீசா’வும் இருக்கட்டும், பிளேடு கேட்கப் போகிறவர் வாயில் வருவது அதுதான்.