வேளச்சேரி ஒன் பிஹெச்கே: தண்ணி, கரண்ட், அட்வான்ஸ்

விஜயநகர்வாசி:

வேளச்சேரியில வாடகைக்கு வீடு பார்க்கிறவங்க, தரைத்தளம் மாச வாடகையில ரெண்டாயிரம் குறைச்சலா கிடைக்குதுன்னு உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. ஏஜிஎஸ் காலனி, ராம் நகர், விஜயநகர் பக்கமெல்லாம் 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி நின்ன இடம். "நம்ம தெருவுல நிக்காது"ன்னு எல்லா வீட்டுக்காரரும் சொல்வாங்க. காம்பவுண்டைப் பாருங்க. புது பெயிண்ட் அடிச்சிருந்தாலும் கேட்டுக்கு அடியில இருக்கிற துரு, மோட்டார் ஸ்விட்ச் இருக்கிற உயரம், மீட்டர் போர்டை மேல ஏத்தினதால கீழே தங்கிப்போன பழைய ஸ்க்ரூ ஓட்டை, இதெல்லாம் உண்மையைச் சொல்லிடும். பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டதுல பல வீட்டு வாசப்படி ரோட்டை விட பள்ளமாகிடுச்சு. அந்த மாதிரி வீடுன்னா திரும்பி வந்துடுங்க. சம்ப், அதாவது தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி, அதோட மூடி தரை மட்டத்துலயே இருந்தா சாக்கடைத் தண்ணி உள்ள இறங்கும். பாத்ரூம் ட்ரெய்னேஜும் எதிர்த்துக்கிட்டு மேல வரும். வண்டி எங்க நிக்கும்னும் பார்த்துக்கோங்க, முதல் மாடிக்குப் போனாலும் பைக் கீழதானே.

குழாய்க்காரர்:

அப்போ மேல் தளம் எடுத்துடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: அங்க வேற பிரச்சினை. மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுல தண்ணிக்கு அழுத்தம் இருக்காது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார், அவ்வளவுதான் கணக்கு. டேங்குக்கும் ஷவருக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னா 0.15 பார். ஷவர் சொட்டும், வாஷிங் மெஷின் தண்ணி எடுக்க ரொம்பவே திணறும். பத்து லிட்டர் பக்கெட்டை வெச்சு குழாயை முழுசா திறங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா ப்ரஷர் பம்ப் யார் செலவுன்னு அப்பவே பேசிடணும்.

குழாய் வாயில வெள்ளையா படிஞ்சிருந்தா போர் தண்ணி உப்பு அதிகம்னு அர்த்தம். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சின்ன விலைதான், கூடவே கொண்டு போங்க. குடிநீர் தரத்துக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னுதான் இந்தியத் தர நிர்ணயம். மெட்ரோ வாட்டர், போர், லாரி மூணுல எது சம்ப்புக்கு வருது, கோடையில லாரித் தண்ணி காசு மெயின்டனன்ஸுக்குள்ள அடங்குமா, தனியா? இதைக் கேட்காம விட்டவங்கதான் ஏப்ரல்ல சண்டை போடுவாங்க.

பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம், அதாவது பெட்ரூம்ல, தரையிலிருந்து ரெண்டடி உயரத்துக்குத் தடவிப் பாருங்க. பெயிண்ட் உப்பியிருந்தா, இல்ல அந்த ஒரு சுவர் மட்டும் புதுசா அடிச்சிருந்தா ஓதம். பீரோவை அங்க ஒட்டி வெச்சா துணியெல்லாம் பூஞ்சை.

ஈபி பில்:

மீட்டர் தனியா இருக்கணும். "சப் மீட்டர் இருக்கு, யூனிட்டுக்கு எட்டு ரூபா, பத்து ரூபா"ன்னு வீட்டுக்காரர் சொன்னா, அதாவது அவர் இணைப்புலேர்ந்தே பிரிச்சுக் கொடுத்தா, ரெண்டு மாச பில்லுல கிடைக்கிற 100 யூனிட் இலவசம் உங்க கைக்கு வராது. ஒரே இணைப்புல மூணு போர்ஷன் ஓடினா ஸ்லாபும் (யூனிட் கூடக் கூட ரேட் ஏறுற அடுக்கு) மேல ஏறிடும். ஒரு டன் ஏ.சி. மணிக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம், 60 நாள்னா 360 முதல் 480 யூனிட். ஃப்ரிட்ஜ், ஃபேன் சேர்ந்தா 500-ஐத் தாண்டும், அதுக்கு மேல பில் கணக்கே வேற. ஏ.சி. பாயிண்ட்னு காட்டுற இடத்துல 4 சதுர மில்லிமீட்டர் வயர் தனியா மெயின் போர்டுலேர்ந்து வருதான்னு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டுப் போய் கேளுங்க. பழைய வீடுகள்ல சாதா ப்ளக் லைன்லேயே பெரிய சாக்கெட்டை மாட்டி வெச்சிருப்பாங்க. சாக்கெட் உருகும்.

ஒப்பந்தம் பற்றி:

பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே தேவையில்லை என்பது பாதி உண்மை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவுச் சட்டம் சார்பதிவாளர் அலுவலகப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் தகராறில் உங்கள் தாளுக்கு மதிப்புக் குறைவு.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று சட்டம் சொன்னாலும், "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்" என்றொரு வாசல் திறந்தே இருக்கிறது. பத்து மாதம் கேட்பது அதன் வழியாகத்தான். 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம் முடங்கும். அதிலிருந்து பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். எத்தனை வருடம் இருந்தால் பிடிக்கலாம் என்பதை வரியாக எழுதச் சொல்லுங்கள். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லாமல், காலி செய்த ஒரு மாதத்துக்குள் என்று தேதியும் போடுங்கள். சட்டத்தின் கெடுவும் அதுதான். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவர், சிங்க், ஃபேன், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அவரிடமும் ஒரு பிரதி இருக்கும்.

வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கட்டும் லீஸ் வீடு என்றால் வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்துப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். கையெழுத்துப் போடுபவர் பெயரும் சொத்து வரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். வீட்டை வாடகைக்கு எடுத்தவரே இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுவிட்டுக் காணாமல் போவது இந்த ஊரில் புதிதல்ல.