சின்ன பேனலுக்கு ஏன் அதிக விலை? ஸ்டெயின்டு கிளாஸ் விற்றவர்களின் அனுபவங்கள்

கண்காட்சியில் மேசை போட்டு விற்ற எல்லோருக்கும் இந்த ரக வாடிக்கையாளரைத் தெரிந்திருக்கும். வந்ததும் அளவு டேப்பை எடுப்பார். என்னிடம் வந்தவர் இரண்டு வண்ணக் கண்ணாடிப் பேனல்களை நீள அகலம் பார்த்தார். பெரியது மலைத்தொடர், நீளநீளமான பட்டைகள். சிறியது செதில் வைத்த மீன். "பெரிசை விட சின்னதுக்கு விலை ஜாஸ்தி போட்டிருக்கீங்களே, சீட்டு மாறிப்போச்சா?" என்றார்.

சீட்டு மாறவில்லை என்று சொல்லி, மீனை எடுத்து மேசையில் படுக்க வைத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நிறம்தான் கண்ணை இழுக்கும். படுக்க வைத்தால் நிறம் அடங்கி, துண்டுகளை இணைக்கும் உலோகக் கோடுகள் மட்டும் தெரியும். "இந்தக் கோட்டுக்குத்தான் சார் விலை" என்றேன். ஒவ்வொரு செதிலையும் கீறி உடைக்க வேண்டும், கிரைண்டரில் ஓரம் தேய்க்க வேண்டும், கழுவித் துடைக்க வேண்டும், சுற்றிலும் காப்பர் ஃபாயில் (மெல்லிய செப்பு நாடா) ஒட்டி அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்புறம் இரண்டு பக்கமும் சால்டர் (ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றவைப்பு உலோகம்) உருக்கி ஓட்ட வேண்டும். துண்டு உள்ளங்கை அளவோ நகத்தளவோ, இத்தனை வேலையும் உண்டு. நகத்தளவு என்றால் கிரைண்டரில் விரல் வழுக்கும் என்பதால் இன்னும் மெதுவாகத்தான் ஆகும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை போடுகிறவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. சதுரப் பேனல். அதை நான்குக்கு நான்காகப் பிரித்தால் 16 துண்டு. ஒவ்வொன்றின் சுற்றளவும் 30 செ.மீ., ஆக ஃபாயில் 480 செ.மீ. அதே பேனலை எட்டுக்கு எட்டாகப் பிரித்தால் 64 துண்டு. ஒவ்வொன்றும் 15 செ.மீ. சுற்றளவு, ஃபாயில் 960 செ.மீ. சால்டர் கோடு, ஓரத்தையும் சேர்த்து, ஒரு பக்கத்துக்கு முதலாவதில் 300 செ.மீ., இரண்டாவதில் 540. கண்ணாடியின் பரப்பு இரண்டிலும் ஒன்றேதான். ஃபாயில் இரண்டு மடங்கு, சால்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கையில் எடுக்க வேண்டிய துண்டு நான்கு மடங்கு. அடிக்கணக்கில் விலை சொல்பவர் இரண்டுக்கும் ஒரே விலை சொல்லி, இரண்டாவதில் கையைச் சுட்டுக்கொள்வார்.

பொருட்செலவை மூன்றால் பெருக்கு என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பொன் சேர்த்து நிறமேற்றும் இளஞ்சிவப்புக் கண்ணாடி, சாதாரணப் பச்சையை விடப் பல மடங்கு விலை. இந்த வாய்ப்பாட்டின்படி நான்கே துண்டில் ஓர் இளஞ்சிவப்புப் பூ செய்தால் அநியாய விலை வரும். மிச்சம் மீதித் துண்டுகளை வைத்து நுணுக்கமாக ஒரு பறவை செய்தால் கூலிகூடத் தேறாது.

நான் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருக்கிறேன். உள்நோக்கிய வளைவு உள்ள துண்டை இரண்டாக எண்ணுவேன், ஏனென்றால் கண்ணாடி அந்த வளைவுக்கு லேசில் பணியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துத்தான் எடுக்க வேண்டும். பேனலுக்குப் போகும் கண்ணாடியோடு கழிவுக்காக இன்னும் மூன்றில் ஒரு பங்கு. சால்டர், ஃபாயில், ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்குப் பூசுவது), பாட்டினா (சால்டர் கோட்டுக்கு நிறம் கொடுப்பது), சட்டம், கொக்கி. அப்புறம் மேசை வாடகை.

டேப் வைத்திருந்தவர் செதிலை விரலால் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, மலைத்தொடரை வாங்கிப் போனார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. விலைக்குக் காரணம் தெரிந்துதான் போனார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

———

நான் கடைகளில் விற்ற பின் பணம் என்ற முறையில் வைக்கிறேன். கடைக்காரர் எடுப்பது நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம். புதிதாக வருபவர்கள் பலர் இதைக் கேட்டதும் கொள்ளை என்கிறார்கள். வாடகை, விளக்கு, நாள் முழுக்க நிற்கும் ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் மேசை போட்டால் அதையெல்லாம் நான்தானே செய்ய வேண்டும்? அதனால் கடை விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதில் பாதி வந்தால் எனக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பேன். கட்டுப்படியாகாத டிசைனைக் கடைக்குக் கொடுப்பதில்லை.

ஒருநாள் ஓர் அம்மா ஃபோன் செய்தார். கடையில் தொங்கிய என் சன்கேட்சரின் (ஜன்னலில் மாட்டும் சின்னக் கண்ணாடி அலங்காரம்) பின்னால் இருந்த சீட்டில் எண்ணைப் பார்த்திருக்கிறார். "கடையில பாதி அவங்களுக்குப் போகுமாமே. நேரா உங்ககிட்ட வாங்கினா பாதி விலைதானேம்மா?" என்று வாஞ்சையாகக் கேட்டார். எங்கே வாங்கினாலும் ஒரே விலைதான் என்றேன். "அப்ப உங்களுக்கு லாபம் டபுளா?" என்றார். பேக்கிங், பேச்சு, அனுப்புவது எல்லாம் நான் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் என்றேன். சமாதானம் ஆகவில்லை, வைத்துவிட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருவதே கிடையாது. என் கையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் அடுத்த வாரமே கடைக்காரர் காதுக்குப் போய்விடும்.

———

பழுது பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் தலைவலி எல்லாம் அங்கேதான்.

"ஒரே ஒரு துண்டுதாங்க விரிசல், மாத்திக் குடுத்திருங்க" என்று ஒரு பழைய கதவுப் பேனலைக் கொண்டுவந்தார் ஒருவர். ஃபாயில் வேலை இல்லை, ஈயச் சட்டத்தில் கோத்தது. புதுப் பேனல் விலையில் துண்டு எண்ணிக்கையால் வகுத்து ஒரு துண்டின் விலையைக் கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

அவர் எதிரிலேயே, கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வும் ஈயத்தின் உதட்டைக் கத்தி முனையால் லேசாக நெம்பிக் காட்டினேன். மடங்க வேண்டிய ஈயம் மடங்கவில்லை, மயிரிழையாகக் கீறல் விட்டது. வயதான ஈயம் அப்படித்தான். ஒரு துண்டை மாற்ற வேண்டுமானால் உதட்டைச் சுற்றிலும் விரிக்க வேண்டும், உள்ளே கல்லாக இறுகிய மக்கை (புட்டியை) சுரண்ட வேண்டும், புதுத் துண்டை நுழைத்து உதட்டை மூட வேண்டும். ஈயம் ஒத்துழைக்காவிட்டால் அந்தப் பகுதியையே பிரித்துப் புது ஈயம் போட வேண்டியதுதான். ஃபாயில் வேலையாக இருந்தாலும் சுலபம் இல்லை. நடுவில் இருக்கும் துண்டை எடுக்கச் சுற்றிலும் சூடு காட்டும்போது பக்கத்துக் கண்ணாடி டப்பென்று விரிசல் விடும்.

இதற்கு மேல் நிறம் பொருந்த வேண்டும். பழைய கண்ணாடியில் உள்ள குமிழியும் ரேகையும் இன்றைய கண்ணாடி ஷீட்டில் கிடைக்காது. நிறம் கிடைத்தால் ரேகை ஒத்துவராது, ரேகை கிடைத்தால் நிறம் ஒத்துவராது.

அதனால் பழுதுக்குத் துண்டுக் கணக்கே வைப்பதில்லை. பார்த்துச் சொல்ல ஒரு கட்டணம், அதை முதலில் வாங்கிவிடுவேன். பிறகு மணிக்கணக்கு. பக்கத்துத் துண்டு விரிசல் விட்டால் யார் செலவு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். கதவுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், திரும்பி வந்தார், வேலையும் நடந்தது. பாதிப் பேர் வர மாட்டார்கள். வராத வரைக்கும் நல்லது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

———

சித்தப்பா ஒருவர், "சாமான் காசை மட்டும் வாங்கிக்கோப்பா, நம்ம வீடுதானே" என்றார். சரி சித்தப்பா என்று சாமான் கணக்கை எழுதிக் கொடுத்தேன். தேய்ந்த கிரைண்டர் பிட்டும் கட்டர் சக்கரமும் சேர்த்துத்தான். அதுவே கடையில் தொங்கும் அச்சடித்த பிளாஸ்டிக் பேனலை விட அதிகம். அப்புறம் பேச்சே இல்லை.

———

எல்லோரும் என்னைத் திட்டலாம், இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு இது பொழுதுபோக்கு. வேறு வேலையில் சம்பளம் வருகிறது. போட்ட காசு வந்தால் அடுத்த ஷீட் வாங்குவேன், அவ்வளவுதான் ஆசை. போன கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரர் என்னிடம் வந்து, "நீங்க இந்த விலைக்கு வித்தா நாங்க எங்க போறது?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டார். என் கண்ணாடி, என் நேரம், என் இஷ்டம் என்பதில் என்ன தவறு?

———

தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மேசைக்காரர் இடத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும் (நான் முழுநேரமாக இதில்தான் இருக்கிறேன்). உங்களிடம் வாங்கியவர் அடுத்து என்னிடம் வந்து, "அங்க இதே மாதிரி இவ்வளவுதான், நீங்க ஏன் ஏத்திச் சொல்றீங்க?" என்கிறார். அவருக்கு உங்கள் விலைதான் இப்போது நியாய விலை. உங்கள் சம்பளம் அதைத் தாங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது.

உங்களுக்குக் காசு வேண்டாம் என்றால் சும்மா கொடுத்துவிடுங்கள், பரிசு என்று சொல்லிக் கொடுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இல்லையா, சீட்டில் முழு விலையை எழுதி, பக்கத்தில் தள்ளுபடி என்று காட்டுங்கள். வாங்குபவருக்கு வேலையின் மதிப்பு தெரியும், நீங்களும் உங்கள் இஷ்டப்படி விற்றுக்கொள்ளலாம்.

———

முதல் பதிவு எழுதியவன்தான். தள்ளுபடியைச் சீட்டில் காட்டுவது நல்ல யோசனை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொழுதுபோக்கு நண்பருக்கு ஒன்று. விலையைப் பற்றி உங்கள் இஷ்டம். ஆனால் டிசைன் யாருடையது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்கிய பேட்டர்ன் என்பதாலேயே அதைச் செய்து விற்கலாம் என்று ஆகாது. சிலர் விற்க அனுமதி கொடுத்திருப்பார்கள், சிலர் இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள், சிலர் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பார்கள். ஒரு பெண் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "அச்சு அசலா இதே வேணும்" என்றார். வேறொருவர் செய்த விளக்கு அது. நானே வரைந்து தருகிறேன், வரைவதற்குத் தனிக் கட்டணம் என்றேன். "படம்தான் கையில இருக்கே, எதுக்கு வரையணும்?" என்று முகம் சுளித்தார். அந்த ஆர்டர் வரவில்லை.

ஆர்டர் வேலைக்குப் பாதி முன்பணம் வாங்காமல் ஷீட்டில் கட்டர் வைக்காதீர்கள். வரைபடத்துக்கு ஒருமுறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் காசு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. நகை, அகல் தட்டு மாதிரி கையிலேயே புழங்கும் பொருளைக் கேட்டால் ஈயம் இல்லாத சால்டர்தான். அதில் பெரும்பங்கு வெள்ளீயம், அதனால் விலை கூடும். 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) சால்டர் போல வழவழவென்றும் ஓடாது, கோட்டைச் சீராக்க நேரம் பிடிக்கும். இந்த இரண்டையும் விலையில் தனி வரியாகவே காட்டுகிறேன். இதுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

அனுப்பும் செலவை எப்படிப் போடுவது என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். கண்ணாடி விலைக்குள் அதைப் புதைக்க வேண்டாம், தனியாகக் காட்டுங்கள். பேக்கிங் என்றால்: பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நான்கு பக்கமும் பஞ்சு, பேனலின் இரு முகத்திலும் கெட்டி அட்டை. வழியில் உடைந்தால் புதிதாகச் செய்து தருவீர்களா, பணம் திருப்புவீர்களா என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள். நான் பணம்தான் திருப்புகிறேன். அதே ஷீட் இரண்டாவது முறை கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.